அழையா விருந்தாளிகளின் விழா

விழா என்றால் தலைவர் இருப்பார்; வரவேற்புக் குழு இருக்கும்; யார் மேடை ஏறலாம், யார் ஏறலாகாது என்று முடிவு செய்யச் சிலர் இருப்பர். நம் சங்கத்தின் ஆண்டு விழாவே இதற்குச் சான்று. தேர்வு செய்வோரை அடியோடு நீக்கிவிட்டு ஒரு விழா நடத்த இயலுமா? ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஆகஸ்டுதோறும் மூன்று வாரம் நடத்திக் காட்டுகின்றனர். அதன் பெயர் ‘ஃபிரிஞ்ச்’. விளிம்பு விழா என நாம் கூறலாம்.

அதன் பிறப்பே சுவையானது. 1947-இல் அந்நகரில் பன்னாட்டுக் கலைவிழா தொடங்கப்பெற்றது. அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடங்களில் நடித்தன. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்னும் எழுத்தாளர் இவற்றை விழாவின் விளிம்பில் நடப்பவை எனக் குறித்தார், பெயர் நிலைத்துவிட்டது. 1958-இல் அமைந்த விழாக் கழகம் நிகழ்ச்சி நிரல் அச்சிடும், சீட்டு விற்கும், தேர்வு மட்டும் செய்யாது. 2019-இல் 323 இடங்களில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. வேட்டியைவிடக் கரை அகலமாகிவிட்டது!

சென்ற ஆகஸ்டில் ஆய்வுப் பயிற்சிக்காக அங்குத் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சிகள் கண்டேன். முதலாவது, மதுவிடுதி ஒன்றின் நிலவறையில். தாழ்ந்த கூரை, பார்ப்போர் பதினால்வர். ஒருவர் மைக்கைப் பிடித்து நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். திரையில்லை, வேடமில்லை, நகைச்சுவை எடுபடாவிட்டால் ஒளிந்துகொள்ள இடமுமில்லை. முதல் இருபது நிமிடம் நாங்கள் கல்லாய்ச் சமைந்திருந்தோம். அவர் சளைக்கவில்லை. சிரிக்காமலிருக்க நாங்கள் எடுத்துக்கொண்ட பெருமுயற்சியை மனமாரப் பாராட்டினார். அப்போதுதான் அறை சிரித்தது. ஒரே அறையைக் காலைமுதல் நள்ளிரவுவரை பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்வதால், பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு ஒரு மணி நேரமே அளவு.

இரண்டாவது, காபரே. இச்சொல்லைக் கேட்டதும் நம்மவர்க்குச் சினிமா வில்லனின் விடுதியில் நடக்கும் ஆட்டமே நினைவுக்கு வரும். உண்மையில் காபரே என்பது, 1881-இல் பாரிசில் திறக்கப்பட்ட ‘கறுப்புப் பூனை’ போன்ற விடுதிகளில் வளர்ந்த கலை. பாட்டு, நையாண்டி, நிழலாட்டம் யாவும் அங்கே கலந்திருந்தன. நான் கண்டது, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்டு அமைத்த கூடாரத்தில் நடந்தது. பெல்ஜியத்தில் தோன்றிய இவ்வகைக் கூடாரத்தைக் கழற்றி ஊர்தோறும் கொண்டு செல்லலாம். ஒருவர் பாடினார், ஒருவர் கயிற்றில் தொங்கி வித்தை காட்டினார். இடையிடையே வந்து பார்ப்போரை வம்புக்கிழுத்து அனைத்தையும் கோத்தவரைக் கண்டதும், நம் கூத்தின் கட்டியங்காரன் கோட்டு அணிந்து வந்தானோ என்று நினைத்தேன்.

இவ்விழா மாணவர்க்கும் வாழ்வு தந்துள்ளது. 1981-இல் இங்கு முதன்முதல் வழங்கப்பெற்ற நகைச்சுவைப் பரிசை வென்றது கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவே. பின்னாளில் புகழ்பெற்ற எம்மா தாம்சன், ஹியூ லாரி, ஸ்டீபன் ஃபிரை ஆகியோர் அதில் இருந்தனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. தேர்வுக்குழு இல்லையென்றால் சல்லடையே இல்லை என்பது பொருளன்று. அரங்க வாடகை, தங்குமிடம், விளம்பரம் ஆகிய எல்லாம் கலைஞர் தலையில். நட்டத்துடன் திரும்புவோர் பலர். கதவு திறந்திருக்கிறது, ஆனால் படி ஏறப் பணம் வேண்டும். இதற்கு மாற்றாக, 1996-இல் பீட்டர் பக்லி ஹில் என்பார் நுழைவுச்சீட்டு இல்லாத நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். முடிவில் வாளி ஒன்று வரும், விரும்பியதை இடலாம்.

நண்பர்களே, நமக்கோ அந்த வாடகைத் தொல்லையும் இல்லை. விடுதி உணவுக்கூடம் இரவு ஒன்பது மணிக்குமேல் காலியாகவே கிடக்கிறது. ஆண்டு விழாவில் இடம் கிட்டாத நாடகமும் பாட்டும் நம்மிடையே எத்தனையோ உள. தேர்வுக்குழு தன் பணியைச் செய்யட்டும். அதற்கு மறுநாள், எவரையும் தேர்ந்தெடுக்காத ஓர் இரவை நாம் நடத்தினால் என்ன? நன்றா அன்றா என்பதைப் பார்ப்பவர் சொல்லட்டும். பதினால்வர் வந்தாலும் போதும்.