கரிசல் மண்ணும் முன் அச்சும்

பெரும்பாலும் செம்மண் நாடாகிய கேரளத்தில் கரிசல் மண்ணைத் தன் மடியில் வைத்திருக்கும் அபூர்வமான பிரதேசம் நல்லேப்பிள்ளியைச் சூழ்ந்த சித்தூர் வட்டம். வேனிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்நிலம், ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தவுடன் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடமறுக்கும் பசையாக மாறிவிடுவதால், தேங்காயும் வைக்கோலும் உரமூட்டையும் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு, நான்கு சக்கரங்களும் உழைக்கும் பழைய ஜீப்போ, அதன் வழிவந்த பிக்கப் வண்டியோ இன்றும் அருமையான சொத்தாக இருக்கிறது. நெம்மாறை வழியாக நெல்லியாம்பதிக்கு ஏறும் வண்டிகளும், போடியிலிருந்து தினந்தோறும் ஏலத்தோட்டத் தொழிலாளரைச் சுமந்து இடுக்கி மலைக்குச் செல்லும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து பாறைகளின் மேல் தாவித் தாவிக் கொழுக்குமலையை அடையும் ஜீப்புகளும் இதே குலத்தைச் சேர்ந்தவையே. இத்தகைய வண்டிக்கு வயதாகும்போது முதலில் முறையிடும் உறுப்பு பெரும்பாலும் முன் அச்சு. அதை மாற்ற எண்ணுகிறவர் எதை ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மகிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது அவற்றோடு வந்த முன் அச்சு, ஏறக்குறைய 60 குதிரைச் சக்தியுள்ள பெட்ரோல் எஞ்சினுக்கும் ஒடுங்கிய டயருக்கும் ஏற்றதாக வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் அதே இனத்து வண்டிகளின் முகப்பில் கனமான டீசல் எஞ்சின் அமர்ந்தது. சொந்தக்காரர்களோ அகன்ற, உயர்ந்த டயர்களை விரும்பி மாட்டினார்கள். பழைய வில்லிஸ் அமைப்பில் முதல் கியர் எஞ்சினின் முறுக்குவிசையைச் சுமார் 2.8 மடங்காகவும், துணைக் கியர்ப்பெட்டியின் தாழ்நிலை அதை மேலும் 2.46 மடங்காகவும், அச்சிலுள்ள கிரவுன், பினியன் என்னும் பற்சக்கர ஜோடி இன்னும் 5.38 மடங்காகவும் பெருக்குவதால், எஞ்சின் தந்த விசை சக்கரங்களை அடையும்போது ஏறக்குறைய 37 மடங்காகிவிடுகிறது. சேற்றில் வழுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று கல்லைப் பற்றிக்கொள்ளும் கணத்தில், அதன் ஷாஃப்டும் ஷாஃப்டின் முனையிலுள்ள சிலுவை வடிவ மூட்டும் பெரும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆதலால் எத்தனை உயரமான டயரை உபயோகிக்கப் போகிறோம் என்று தீர்மானிக்காமல் அச்சைத் தேடுவது, சுமையை அறியாமல் மாட்டை வாங்குவதற்குச் சமானம்.

“பெரிய ஹவுசிங்கா மாத்திட்டா வண்டி நல்லா ஏறுமில்லீங்களா?” என்று, அச்சின் உறையாகிய ஹவுசிங்கைக் குறித்துப் பட்டறைகளில் கேட்பவர் பலர். அவர்களுக்கு என் அபிப்பிராயம் இது: முன் அச்சை வாங்கப் புறப்படுகிறவர் முதலில் தம் வண்டியின் பின் அச்சைப் பார்க்க வேண்டும். ஏனெனில் இவ்வகை வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் இரும்புப் பிணைப்பாகச் சேர்ந்துவிடுகின்றன; நடுவே வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. வில்லிஸின் 5.38 என்ற விகிதம், 43 பற்களுள்ள கிரவுனும் 8 பற்களுள்ள பினியனும் சேர்ந்து உண்டாவது. முன்னால் அதுவும் பின்னால் 39-க்கு 8 என்ற 4.88 விகிதமும் இருக்குமானால், பின்சக்கரம் 100 மீட்டர் செல்லும் நேரத்தில் முன்சக்கரம் 91 மீட்டருக்குக்கூடச் சற்றுக் குறைவாகவே உருள விரும்பும். மிச்சமுள்ள 9 மீட்டர்ச் சண்டையைக் கரிசல் சேறு சறுக்கலாக மறைத்துவிடும்; தார்ச்சாலையோ மறைக்காது. ஷாஃப்டுகள் முறுக்கேறி, கியர்க்கோல் வெளிவர மறுத்து, கடைசியில் பற்கள் உடையும். கடைக்காரர் சொல்லும் விகிதத்தை நம்பாமல், கிரவுனின் பற்களையும் பினியனின் பற்களையும் எண்ணி ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஒரு மாத வருமானத்தை இழந்தவர்கள் உண்டு.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சக்கரம் திரும்பும் மூட்டாகிய நக்கிள். பழைய வகையில் அது மூடிய உருண்டையாகவும், உள்ளே கிரீஸும் வெளியே பெரிய வளையச் சீலுமாகவும் இருக்கும். சீல் நல்ல நிலையில் உள்ளவரை வயல் வேலைக்கு அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டைச் சொல்வது கடினம். சீல் தேய்ந்துவிட்டாலோ, கரிசல் மண் உள்ளே நுழைந்து கிரீஸோடு குழைந்து சாணைக்கல்லைப்போல் மூட்டையும், நக்கிள் சுழல உதவும் கிங்பின் பேரிங்கையும் அரைத்துவிடும். பிந்திய திறந்த வகையில் மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் தேய்மானத்தை உடனே அறியலாம். சக்கரமும் அதிகக் கோணம் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை பின்வாங்கித் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாமற் போவது மலைச்சாரதிக்கு எத்தனை பெரிய நிம்மதி என்பதை, ஒருபுறம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தவர்களே அறிவார்கள். டிஸ்க் பிரேக் பொருத்துவதும் திறந்த வகையிலேயே சுலபம். ஆனால் அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும், அல்லது கல்லாக நிற்கும்.

நக்கிளைத் தீர்மானித்தபின் அளவுகளுக்கு வரலாம். வில்லிஸ் வழிவந்த வண்டியில் டிஃபரன்ஷியல் உருண்டை அச்சின் வலப்புறம் ஒதுங்கியிருப்பதையும், பட்டை ஸ்பிரிங் அமரும் இடங்களின் இடைவெளியையும், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள அகலம் பின்சக்கரங்களின் இடையகலத்தோடு ஒத்திருப்பதையும் அளந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங் இருக்கையைப் பற்றவைக்கும்போது, சைக்கிளின் முன்கவை பின்சாய்ந்திருப்பதுபோல் நக்கிளும் சில டிகிரி பின்சாய வேண்டும். அச்சாய்வு தவறினால் ஸ்டியரிங் தானே நேர்ப்படாது, வேகத்தில் சக்கரம் நடுங்கும்.

பெரிய அச்சே சிறந்தது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதற்கில்லை. கிரவுனின் விட்டம் பெருகினால் பல்லுக்கு வலிமை கூடுவது மெய். ஆனால் டிஃபரன்ஷியல் உருண்டையும் பருத்துத் தரையை நோக்கித் தாழ்கிறது, கொழுக்குமலைப் பாதையின் கல்லில் முதலில் இடிப்பதும் அதுவே. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம் மிகுவதால் குலுக்கமும் மிகும். நல்லேப்பிள்ளி வயலில் நிதானமாகப் பாரம் இழுக்கும் வண்டிக்கு, சொந்த அச்சையே பிரித்துப் புதிய பேரிங், சீல், மூட்டு, ஷாஃப்டு போட்டுச் சரியாக ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து மூடுவதே உத்தமமான மேம்பாடு. பெரிய டயரோடு, தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, நித்தமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்குத்தான் திறந்த நக்கிளும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட வேறு அச்சு செலவுக்குத் தக்க பயன் தரும்.

சட்டத்தையும் புறக்கணிக்கலாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. ஆகவே வேறு மாதிரி அச்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

மாட்டி முடித்த அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முறுக்க வேண்டும்; ஸ்பிரிங் பட்டைகள் படிந்து தளர்ச்சி ஏற்பட்டிருக்கும். சேற்றுநீரில் இறங்கி வந்த மறுநாள் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், டிஃபரன்ஷியலின் ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றைய நடையை நிறுத்திவிட்டு அதை வடித்தெடுக்க வேண்டும்.