இரத்தச் சோதனைத் தாளில் ஓர் ஊர்ப்பெயர்



தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் நடத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் நம் பொறுப்புத்தான். அப்படி ஒரு மாலையில், ஓர் அம்மா தம் கணவரின் இரத்தச் சோதனைத் தாளை நம்மிடம் கொண்டுவந்து நீட்டினார். கணவருக்குச் சில மாதங்களாக உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. இரவில் வேர்த்துக் கொட்டும். இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிறு கனத்துக் கிடந்தது. வாயுக்கட்டி என்றார் ஒருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் எடுத்ததில், வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தது. மேற்கொண்டு நடந்த சோதனையின் முடிவுதான் அந்தத் தாள். அதில் ‘பிலடெல்பியா’ என்று ஒரு சொல் இருந்தது.

"பிலடெல்பியா அமெரிக்காவில் இருக்கிற ஓர் ஊர் அம்மா" என்றோம்.

"அவரு அந்த ஊருக்கெல்லாம் போனதே இல்லைங்களே சார். அங்கேயிருந்து எப்படி நோய் வந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அருகில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நியாயமான கேள்வி அது. அன்று நாம் சுருக்கமாகச் சொன்ன பதிலை இன்று சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

நோய் அந்த ஊரிலிருந்து வரவில்லை. அடையாளம் அங்கே முதலில் காணப்பட்டது, அவ்வளவுதான். அதைக் கண்ட இருவரில் ஒருவர், அப்பொழுது பட்டம் முடிக்காத மாணவர். டாக்டர் என்றதும் நமக்கு ஊசி போடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். வேறு ஒரு டாக்டர் பட்டமும் உண்டு. அதற்குப் படிக்கிறவர், யாரும் விடை காணாத ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதையே துருவிப் பார்த்து, கண்டதை எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளி படுக்கையில் கிடக்கும்போது இவர் கண்ணாடிக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறாரே, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது.

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அது எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் நூலிழை போன்ற பொருளில் பொதிந்திருக்கின்றன. அந்த இழைகளே குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 48 என்றுதான் நெடுங்காலம் பாடநூல்களில் எழுதி வந்தார்கள். அது தவறு, 46தான் என்று 1956-இல் அறிவித்த இருவரில் ஒருவர், நமக்குப் பக்கத்திலுள்ள ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ. பயிர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பழகிய கை அவருடையது.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டை ஒருநாள் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். அந்தத் தண்ணீரில் உயிரணுக்கள் உப்பி, உள்ளே சிக்குண்டு கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியே விரிந்தன. ஆனால் அவருக்குக் குரோமோசோம்களைப் பற்றி அதிகம் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப் போனார். இதைத்தான் நாம் பெரிய குணம் என்போம். அதே நகரின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தில், மனிதக் குரோமோசோம்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டு அவருக்குக் கிடைத்தார்.

ஹங்கர்ஃபோர்டு அந்த உயிரணுக்களைப் பொறுமையாகப் பார்த்து வந்தார். மெல்ல வளரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் கண்டவர்களிடம், ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. ஒருவரிடம் மட்டுமென்றால் தற்செயல் எனலாம். அடுத்தடுத்த நோயாளிகளிடமும் அதே குட்டை இழை காணப்பட்டது. 1960-இல் இருவரும் ஒரு சிறு குறிப்பாக அதை வெளியிட்டார்கள். புற்றுநோய் ஒன்றுக்கும் குரோமோசோம் மாற்றம் ஒன்றுக்கும் இப்படி நிலையான தொடர்பு காட்டப்பட்டது அதுவே முதல் தடவை. ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

சரி, குட்டையான இழையின் மீதித் துண்டு எங்கே போயிற்று? இதற்கு விடை வர 13 ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், நான்கு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்தவர். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசைமீது பரப்பி ஒப்பிடுவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான் உண்மை வெளிப்பட்டது. துண்டு தொலையவில்லை, 22-ஆம் குரோமோசோமின் முனையும் 9-ஆம் குரோமோசோமின் முனையும் அறுந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. இதை அவர் 1973-இல் வெளியிட்டார்.

இரண்டு புத்தகங்கள் கிழிந்து, ஒன்றின் பக்கங்களை மற்றொன்றோடு தவறாகத் தைத்துவிட்டால் என்ன ஆகும்? நடுவில் அர்த்தம் கெட்ட ஒரு வாக்கியம் பிறக்கும். இங்கேயும் ஒட்டுப்போட்ட இடத்தில் அப்படியொரு புதுக் கட்டளை பிறந்துவிடுகிறது. அதன்படி உருவாகும் புரதம், அடைக்க முடியாத தண்ணீர்க் குழாய் போன்றது. ‘பெருகு, பெருகு’ என்று ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் குவிகின்றன, மண்ணீரல் வீங்குகிறது. அந்தத் தொழிலாளியின் இடப்பக்க வயிறு கனத்தது இதனால்தான்.

இந்த ஒரு கோளாறே நோயை உண்டாக்கப் போதுமா என்பதையும் சோதிக்க வேண்டியிருந்தது. டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜார்ஜ் டேலியும் உடன் உழைத்தவர்களும் அந்தப் பிழைபட்ட கட்டளையை எலிகளின் எலும்பு மஜ்ஜையில் புகுத்தினார்கள். எலிகளுக்கு அதே நோய் வந்தது. 1990-இல் இது வெளியானபின், எந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று.

அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. எரிபொருள் போன்ற ஒரு பொருள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். சுவிட்சர்லாந்தில் மருந்துக் கம்பெனி ஒன்றில் நிக்கலஸ் லைடன் குழுவினர், அந்தப் பள்ளத்தில் தான் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைச் செய்தார்கள். நோயாளிகள் குறைவு, இலாபம் தேறாது என்று கம்பெனி தயங்கியது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் டிரக்கர் விடாமல் வற்புறுத்தினார். 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போதிய அளவில் மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது! இமாடினிப் என்னும் அந்த மாத்திரையை 2001-இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. முன்பு இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளே உயிர் வாழ்ந்தார்கள். இம்மருந்தைக் கொண்டு சிகிச்சை தொடங்கியவர்களில் 100-க்கு 83 பேர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததை நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இது ஏழைக்கு எட்டாத மாத்திரை. இந்தியாவில் காப்புரிமை கேட்டு அந்தக் கம்பெனி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது. 2006-இல் அது மறுக்கப்பட்டது. வழக்கு நீண்டு, 2013-இல் இந்திய உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதனால் அங்கே பல கம்பெனிகள் அதே மருந்தை மிகக் குறைந்த விலையில் செய்து விற்க முடிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே அந்த அம்மாவிடம் நாம் சொன்னோம்: "தாளில் இந்த ஊர்ப்பெயர் இருப்பது கேட்டுப் பயப்பட வேண்டிய சேதியில்லை அம்மா. எந்த மருந்துக்கு நோய் அடங்கும் என்பதை அது டாக்டருக்குக் காட்டிக்கொடுக்கிறது." பிள்ளைகளுக்கும் வருமோ என்று கேட்டார். வராது. இந்த மாற்றம் வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை உயிரணு ஒன்றில் புதிதாக ஏற்படுவது, பெற்றோரிடமிருந்து இறங்குவதன்று. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே மாத்திரை உதவாது என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

சில மாதங்களில் அவர் தெம்பாகப் பெரட்டுக்கு வரத் தொடங்கினார். வந்ததும் ஒரு தவறு செய்யப் பார்த்தார்: "உடம்புதான் நல்லா இருக்கே, மாத்திரை எதுக்கு?" நேயர்களே, மாத்திரை குழாயை அடைத்துப் பிடித்திருக்கிறது, அந்தத் தவறான ஒட்டு எஞ்சிய உயிரணுக்களில் அப்படியே இருக்கும். இடையிடையே விட்டால் நோய் தலைதூக்கும்; மருந்துக்கு மசியாமலும் போகலாம். பல ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்த சிலருக்கு, மருத்துவர்களே அடிக்கடி இரத்தம் சோதித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்பியது. மறுபடி மாத்திரை கொடுத்ததும் பெரும்பாலும் அடங்கியது. அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் எடுக்கும் முடிவன்று.

அந்தப் பையன்களில் ஒருவன் மறுநாள் வகுப்பில், "சார், அந்தக் குட்டை இழையைப் பார்த்தாரே, அவருக்கு அந்த மாத்திரை வந்தது தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது. நோவெலும் ரௌலியும் பார்த்தார்கள். ஹங்கர்ஃபோர்டு 1993-இல் காலமாகிவிட்டார். முதல் நோயாளி அதை விழுங்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.