மனப்பாடமாகிப் போன பிரார்த்தனை

ஆட்சியாளர்களோடு மைசூருக்கு வந்த ஆங்கிலிக்கன் வழிபாடு 1947-ல் தன் பெயரை இழந்தது. மண்டியிடும் பழக்கத்தை மட்டும் இழக்கவில்லை.

மைசூருவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்த சர்ச் ஒன்றுதான். 1933-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய, இரட்டைக் கோபுரங்களுடன் நிமிர்ந்து நிற்கும் செயின்ட் பிலோமினா. அது கத்தோலிக்கர்களுடையது. புறநகர்ப் பேருந்து நிலையத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில், நீலகிரி சாலையில், அந்தக் கட்டடத்தைவிட ஒரு நூற்றாண்டு மூத்த இன்னொரு ஆலயம் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தங்கள் வழிபாட்டுக்காக 1830 வாக்கில் எழுப்பிய செயின்ட் பார்த்தலோமியூ ஆலயம் அது. பிலோமினாவின் கம்பீரம் இதற்கு இல்லை. ஆனால் இதற்குள் புழங்கிய ஒரு புத்தகத்தின் கதை எந்தக் கோபுரத்துக்கும் குறைந்ததல்ல.

முதலில் பெயர். ஏசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான பார்த்தலோமியூ இந்தியாவுக்கு வந்தார் என்பது பழைய நம்பிக்கை. பாண்டேனஸ் என்ற அறிஞர் 'இந்தியா'வுக்குப் பயணம் போனபோது பார்த்தலோமியூ விட்டுச் சென்ற மத்தேயு நற்செய்தியை அங்கே கண்டதாக, 4-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த 'இந்தியா' எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப் போகவில்லை. எப்படியானாலும், ஆங்கிலேயர் கட்டிய கோயில் ஒன்று அவர்களைவிடப் பல நூற்றாண்டுகள் முந்தி வந்ததாக நம்பப்படும் ஒருவரின் பெயரில் நிற்கிறது.

தமிழ் வழிபாடும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1779-ல் சென்னை அரசின் தூதராக ஹைதர் அலியைச் சந்திக்க ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தார் ஸ்வார்ட்ஸ். ஜெர்மானியர், லுத்தரன், ஆனால் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஊழியர். திருச்சியும் தஞ்சையும் நன்கு அறிந்த பாதிரியார். ஹைதரின் படையில் ஐரோப்பியர்களும் இருந்தார்கள், தமிழ்க் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் அவர்களுக்காக ஸ்வார்ட்ஸ் வழிபாடு நடத்தினார். ஹைதர் தடுக்கவில்லை. சமாதானத் தூது தோற்றது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஸ்வார்ட்ஸ் வளர்த்த தமிழ்ச் சபைகள் 1820-களில் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்கு மாறின. லுத்தரன் விதைத்ததை ஆங்கிலிக்கன் அறுத்தது தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

அப்போது அந்தச் சபைகளின் கைக்கு வந்து சேர்ந்ததுதான் ஜெபப் புத்தகம். கான்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் 1549-ல் உருவாக்கி, பல திருத்தங்களுக்குப் பின் 1662-ல் இறுதி வடிவம் பெற்றது. கிரான்மர் செய்தது எளிய காரியம், ஆனால் புரட்சி. மடங்களில் துறவிகள் நாளெல்லாம் பல வேளைகளில் லத்தீனில் சொல்லி வந்த ஜெபங்களைக் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டாகச் சுருக்கி, சாதாரண ஜனங்களின் மொழியில் வைத்தார். 150 சங்கீதங்களும் காலையும் மாலையுமாகப் பகிரப்பட்டு, ஒரு மாதத்தில் படித்து முடியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய 'சுருக்க ஜெபம்' பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குள் கடவுளை அழைப்பது, அவர் இயல்பைச் சொல்வது, வேண்டுவது, எதற்காக வேண்டுகிறோம் என்பது, கிறிஸ்துவின் பெயரால் முடிப்பது எல்லாம் அடங்கிவிடும். உழைத்துக் களைத்தவனுக்கும் நினைவில் நிற்கும்.

தமிழில் இதற்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் ரோட்லர். செடி கொடிகளை ஆராய்ந்தவர், தமிழ் அகராதி தொகுத்தவர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கியவர். திருநெல்வேலிச் சீமையில் இது வேதப் புத்தகத்துக்கும் பாமாலைக்கும் நடுவில் இடம் பிடித்தது. படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கேட்டுக் கேட்டே பாடம் செய்தார்கள். ரயில்வே, கோலார் தங்கவயல், கன்டோன்மென்ட் என்று பிழைப்புத் தேடி மைசூர் ராஜ்யத்துக்கு வந்த தமிழர்கள் தகரப் பெட்டியில் கொண்டு வந்தவற்றில் இந்தப் புத்தகமும் உண்டு.

ஆனால் மைசூர் நகரில் ஆங்கிலிக்கன் மரபு அடிப்படையில் துரைமார்களின் மரபுதான். கன்னட மக்களிடையே வேலை செய்தது வெஸ்லியன் மிஷன். வெஸ்லி அச்சகம், 1906-ல் திறந்த ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை எல்லாம் அவர்களுடையவை. ஒரே ஊரில் இரண்டு ஏசு பக்தி: ஒன்று அச்சிட்ட ஜெபத்தோடு மண்டியிட்டது, மற்றது கண்களை மூடி மனதில் வந்ததைச் சொல்லி வேண்டியது. இத்தனைக்கும் மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி, 1791-ல் இறக்கும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தவர். ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி 1784-ல் அமெரிக்க மெதடிஸ்ட்களுக்கு அனுப்பியவர். பிரிந்து போனவர்கள் உண்மையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களை மறுபடி ஒரே கூரைக்கடியில் சேர்க்கும் யோசனை பிறந்தது தமிழ் மண்ணில். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய பாதிரியார்கள் விடுத்த அறிக்கையில் அதற்கு வித்திட்டார்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912-ல் பட்டம் பெற்ற முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. கனவு நனவாவதைப் பார்க்க அவர் இல்லை. 1945 புத்தாண்டு அன்று இறந்துபோனார்.

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாமோ வந்தது. 1927-ல் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்த கவிஞர் டி.எஸ். எலியட், தென்னிந்திய இணைப்புத் திட்டத்தைத் தாக்கி 1943-ல் ஒரு பிரசுரமே எழுதினார். அழிவின் மூலம் ஐக்கியம் என்பது அதன் தலைப்பின் பொருள். பிஷப்பின் கையால் குருப்பட்டம் பெறாதவர்களையும் குருக்களாக ஏற்றால் மரபில் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி. லண்டனில் அது சித்தாந்தம். மைசூரில் அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை.

1947 செப்டம்பர் 27. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. பதினான்கு திருமண்டலங்களில் மைசூரும் ஒன்று. அதுவரை சென்னையின் ஆங்கிலிக்கன் பிஷப்பின் கீழ் இருந்த மைசூர் ஆங்கிலிக்கன்களுக்குப் புதிய பிஷப் மெதடிஸ்ட் மரபிலிருந்து வந்தார்: பி. குருசாந்தா. யார் மனசாட்சியும் நோகக்கூடாது என்று ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது. எந்தச் சபையின் மீதும் அது மனதார ஏற்காத வழிபாட்டு முறையோ குருவோ திணிக்கப்படாது. அந்த வாக்குறுதிதான் ஜெபப் புத்தகத்தைக் காப்பாற்றியது. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பிரிவினர் அப்படியும் சமாதானமாகாமல் வெளியே நின்றார்கள். அதே நந்தியாலில்தான் 2013-ல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பிஷப்பாக புஷ்பலலிதா பொறுப்பேற்றார்.

மரபு அழிந்ததா? நடந்தது வேறு. 1950-ல் தயாரான புதிய நற்கருணை ஆராதனை முறையில் கிரான்மரின் எலும்புக்கூடு இருந்தது. சதை பல இடங்களிலிருந்து வந்தது. குரு மக்களுக்கு முகம் காட்டி மேஜைக்குப் பின்னால் நின்றார். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து 'சமாதானம்' வந்தது: கொடுப்பவரும் பெறுபவரும் வலது உள்ளங்கைகளைச் சேர்த்து, இடது கையால் மூடிக்கொள்வது. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் கை மாறிப் போகும் இந்தச் சமாதானத்தில் ஜாதி பார்த்துத் தொடுகிற நாட்டில் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. பின்னாளில் மேல்நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது தென்னிந்தியாவைத் திரும்பிப் பார்த்தன. 1963-ல் வெளிவந்த பொது வழிபாட்டுப் புத்தகத்தில் வெஸ்லியின் உடன்படிக்கை ஆராதனையும் இடம்பெற்றது. 'என்னை நீர் விரும்பியபடி வைத்துக்கொள்ளும்' என்ற பொருளில் சபை தன்னையே ஒப்புக்கொடுக்கும் ஆராதனை அது. மெதடிஸ்ட் பக்தியை ஆங்கிலிக்கன் பேரனும் தன்னுடையதாக நினைத்துச் சொல்கிறான்.

இந்த மரபின் குணமே அதுதான். பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனையைவிட 'நம்முடையது' என்று தமிழ் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் உரிமை கொண்டாடும் சடங்கு வேறில்லை. தொடங்கியவர்கள் 17-ம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லிமா நகரில் இருந்த ஏசு சபைக் கத்தோலிக்கப் பாதிரியார்கள். ஆங்கிலிக்கன்கள் எடுத்துக்கொண்டது 19-ம் நூற்றாண்டில்.

மைசூரின் அடுத்த பிஷப் நார்மன் சார்ஜன்ட்டும் மெதடிஸ்ட்தான். 1951-ல் பொறுப்பேற்ற இந்த ஆங்கிலேயர், பிஷப் ஆகும் முன்பே 1940-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பொருள்: தமிழ்த் திருச்சபை எப்படி ஊர் ஊராகச் சிதறிப் பரவியது. கன்னட நாட்டில் வேலை செய்த ஒருவர் தமிழர்களின் பயணத்தை ஆராய்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. இங்கே சபை சபையாக அவர்களைத்தானே பார்த்திருப்பார்! 1970-களின் தொடக்கத்தில் மைசூர் திருமண்டலம் மூன்றாகப் பிரிந்தது. மைசூரு இன்று மங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக தெற்குத் திருமண்டலத்தில் இருக்கிறது.

இப்போது அபாயம் எலியட் பயந்த திசையிலிருந்து வரவில்லை. பிஷப் தேர்தல்களும் சொத்து விவகாரங்களும் திருச்சபையை நீதிமன்றப் படியேற்றியிருக்கின்றன. கைதட்டலும் டிரம்ஸும் கொண்ட புதிய சபைகள் இளைஞர்களை இழுக்கின்றன. அச்சிட்ட ஜெபம் உயிரற்றது, மனம் எங்கோ அலைய வாய் மட்டும் முணுமுணுக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இதெல்லாம் போக, வெளி மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒரு துயரம்: பேரப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. தாத்தாவின் ஜெபப் புத்தகம் அவர்களுக்கு அலமாரியில் இருக்கும் ஒரு பொருள்.

ஆனால் மனப்பாடத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சாவு வீட்டில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், சொந்தமாக ஒரு வார்த்தை வராத வேளையில், இரவல் வார்த்தைகள்தான் கைகொடுக்கின்றன. பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட முதியவர்களுக்கு ஆயர் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுப்பது இந்த மரபில் வழக்கம். அவர் முதல் வரியைத் தொடங்கும்போது, படுக்கையிலிருந்து மறுமொழி தவறாமல் வருவதைக் குடும்பங்கள் வியப்போடு பார்த்திருக்கின்றன. ஞாயிறு தவறாமல் அறுபது எழுபது வருடம் சொன்னது. அர்த்தம் அப்போது புரிந்ததோ இல்லையோ, மற்றதெல்லாம் போன பிறகும் அது இருக்கிறது.