தத்துவ பீடங்களில் பெண்கள்

மேனாட்டுச் சர்வகலாசாலைகளில் பெண்களின் பிரவேசம் குறைவாயுள்ள துறைகள் எவை என்று கேட்டால், பௌதிகம், கணிதம், யந்திர சாஸ்திரம் என்று விடை சொல்ல நம்மில் பெரும்பாலோர் தயங்கமாட்டோம். தத்துவ சாஸ்திரத்தின் பெயர் அந்த வரிசையில் வரும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. சோதனைச்சாலையோ யந்திரமோ வேண்டாமல், நூல்களையும் சம்பாஷணையையும் சிந்தனையையும் மூலதனமாகக் கொண்டு நடைபெறுகின்ற இந்தத் துறையில், இலக்கியத்திலும் மனோதத்துவத்திலும் பெண்கள் திரளாக வந்து அமர்ந்து பல்லாண்டுகள் சென்ற பின்பும், ஆசிரிய பதவிகளில் பெரும்பங்கு ஆண்களிடமே இருந்துவருகிறது. நீதி என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு சாஸ்திரம் தன் வீட்டுக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைக் குறித்துக் கவலைப்படத் தொடங்கியதே சமீப காலத்தில்தான்.

பிரிட்டனிலுள்ள தத்துவ ஆசிரியர்களின் சங்கமும், பெண் தத்துவ அறிஞர்களின் சங்கமும் சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. தத்துவத்தைத் தனிப்பாடமாக எடுத்துப் பட்டவகுப்பில் படிக்கும் மாணவர்களில் நூற்றுக்கு 46 பேர் பெண்கள் என்று அது காட்டிற்று. டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்வோரில் அந்த எண் 31 ஆக இருந்தது, நிரந்தர ஆசிரியர்களில் 24, பேராசிரியர்களில் 19. அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துத் தத்துவப் பேராசிரியை ஸாலி ஹாஸ்லாங்கர் 2008-இல் எழுதிய கட்டுரையொன்றில், அந்நாட்டின் தலைசிறந்த 20 தத்துவ இலாகாக்களைக் கணக்கெடுத்தபோது, அங்கும் பெண் ஆசிரியர்கள் நூற்றுக்கு 19 பேர் கூட இல்லை.

பெண்களுக்குத் தத்துவத்தில் ருசி இல்லை என்று சொல்வோருக்கு அந்த 46 என்னும் எண்ணே பதில். இன்னும் சிலர், பழைய தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சமாதானம் கூறுவர். காலம் மட்டுமே மருந்தாக இருக்குமானால், அதே காலம் கழிந்திருக்கும் மற்றக் கலைத்துறைகளில் நேர்ந்துள்ள மாறுதல் இங்கேயும் நேர்ந்திருக்க வேண்டும், அது நேரவில்லை. ஆகவே வேறு காரணம் தேடவேண்டியிருக்கிறது.

வாயிற்கதவே சாத்தியிருந்த காலம் ஒன்று உண்டு. 1678-இல் இத்தாலியின் பாதுவா சர்வகலாசாலை எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்ற பெண்மணிக்குத் தத்துவத்தில் டாக்டர் பட்டம் அளித்து உலகத்துக்கு வழிகாட்டியது. ஆனால் அடுத்த பெண்ணுக்கு அந்த வழி உடனே அடைபட்டுவிட்டது. ஹார்வர்டில் மேரி கால்கின்ஸ் 1895-இல் தேர்வு முழுவதையும் கொடுத்து முடித்து, வில்லியம் ஜேம்ஸ் முதலிய ஆசிரியர்கள் ஒருமனதாகச் சிபாரிசு செய்தும், பெண் என்பதற்காக அந்தச் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் தர மறுத்தது. அவரே பிற்காலத்தில், 1918-இல், அமெரிக்கத் தத்துவ சங்கத்தின் தலைவராக அமர்ந்தார். ஜெர்மனியில் தத்துவ அறிஞர் ஹுஸ்ஸர்லிடம் பயின்று அவருக்கு உதவியாளராகவும் இருந்த எடித் ஸ்டைன், ஆசிரியராவதற்குரிய தகுதிப் பரீட்சைக்குத் தம்மை அனுமதிக்க மறுத்ததை எதிர்த்து அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். பெண்ணாயிருப்பது அதற்குத் தடையாகாது என்று 1920-இல் பிரஷ்யக் கல்வி இலாகா உத்தரவிட்டது. அந்த உத்தரவினால் மற்றப் பெண்கள் பயனடைந்தார்களேயன்றி, யூத குலத்தில் பிறந்த ஸ்டைனுக்கு எந்த ஜெர்மன் சர்வகலாசாலையும் இடம் தரவில்லை. 1942-இல் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். பிரிட்டனில் ஸூஸன் ஸ்டெபிங் 1933-இல் லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியில் அந்நாட்டின் முதல் பெண் தத்துவப் பேராசிரியரானார். தர்க்க சாஸ்திரத்தைச் சாமானிய ஜனங்களின் அன்றாடச் சிந்தனைக்குக் கொண்டுவந்து கொடுத்த பெருமை அவருடையது.

கதவு திறந்த பிறகு நடந்ததை அறியவேண்டுமானால், இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆக்ஸ்ஃபோர்டில் நேர்ந்ததைப் பார்க்கவேண்டும். சரித்திரம் தானாகவே நடத்திக் காட்டிய ஒரு பரீட்சை என்று அதைச் சொல்லலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் போதித்த ராதாகிருஷ்ணன் 1936 முதல் கீழ்த்திசைச் சமயங்களுக்குரிய பேராசிரியர் பதவியை வகித்துவந்த அதே ஆக்ஸ்ஃபோர்டுதான் அது. பெண்களுக்கு அங்கே பட்டம் கிடைக்கத் தொடங்கியதே 1920-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்குள், அவர்கள் தொகை மிகுந்துவிடலாகாது என்று ஓர் உச்சவரம்பும் விதித்துவிட்டார்கள். அந்த வரம்பு 1957 வரையில் நீடித்தது.

இந்த நிலையில் எலிஸபெத் ஆன்ஸ்கோம், ஐரிஸ் மர்டாக், மேரி மிட்ஜ்லி, ஃபிலிப்பா ஃபுட் என்று பிற்காலத்தில் பெயர் விளங்கிய நால்வர், 1937-க்கும் 1939-க்கும் இடையில் அங்கே மாணவிகளாக வந்து சேர்ந்தார்கள். ஃபிலிப்பா, அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டின் பேத்தி. வேட்டையும் விருந்துமாக வாழ்ந்த செல்வக் குடும்பத்தில், பள்ளிக்கூடமே போகாமல் வீட்டு ஆசிரியைகளிடம் வளர்ந்தவர். அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட குடும்ப நண்பர் ஒருவர், கவலைப்பட வேண்டாம், பார்வைக்கு அவள் புத்திசாலியாகத் தெரியவில்லை என்று தாயாருக்கு ஆறுதல் சொன்னாராம். படிப்பு வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சிய உலகம் அது.

யுத்தம் மூண்டதும் இளைஞர்கள் படைக்குப் போனார்கள். ஆசிரியர்களில் ஆஸ்டின், ஏயர் போன்றோரும் ராணுவப் பணிக்குச் சென்றார்கள். மிஞ்சியிருந்தவர்கள் முதியவர்களும், மனச்சாட்சியின் பொருட்டு யுத்தத்தில் சேராதவர்களும், பெண்களுமே. டொனால்ட் மக்கின்னன் என்ற ஆசிரியர் அந்த நால்வரில் மூவருக்கு நேரம் பாராமல் பாடம் சொன்னார். வகுப்பில் முந்திக்கொண்டு பேசும் குரல்கள் குறைந்ததனால், மெதுவாகச் சிந்தித்து மெதுவாகப் பேசுகிறவர்களுக்கும் வாய் திறக்க இடம் கிடைத்தது. எதிராளியை மடக்குவதைக் காட்டிலும், பேசிக்கொண்டிருக்கும் விஷயம் என்னவென்று புரிந்துகொள்வதிலேயே எல்லாரும் நாட்டம் செலுத்தினார்கள். மிட்ஜ்லி அம்மையார் தம் தொண்ணூற்று நான்காம் வயதில், 2013-ஆம் ஆண்டு, கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் காரணமாகச் சொன்னார். ஆண்கள் தத்துவத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று அவர் சொல்லவில்லை. வாதத்தில் ஜெயிப்பதற்காகவே துடிக்கின்ற கெட்டிக்கார இளைஞர் பலர் ஓரிடத்தில் கூடிவிட்டால், அங்கே வளரும் பழக்கம் தத்துவத்துக்கே தீங்கு செய்கிறது என்பதே அவருடைய கட்சி. அந்த நோய்க்குப் பெண்கள் முதலில் பலியாகிறார்கள். ஆனால் அடங்கிய சுபாவமுள்ள ஆண்களும் தப்புவதில்லை.

யுத்தம் முடிந்ததும் ஆன்ஸ்கோமும் ஃபுட்டும் ஸாமர்வில் கல்லூரியில் ஆசிரியைகளானார்கள். மத்தியான போஜனத்துக்குப் பிறகு கணப்படுப்பின் அருகே அமர்ந்து இருவரும் நாள்தோறும் வாதித்து வந்ததாகவும், ஆன்ஸ்கோம் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு விடை தேடியே தாம் தத்துவம் கற்றதாகவும் ஃபுட் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். நாஜி முகாம்களின் படங்களைக் கண்ட பிறகு, நல்லது தீயது என்பவையெல்லாம் நம் உணர்ச்சியின் வெளிப்பாடே என்று அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை அவருக்குச் சகிக்கவில்லை. கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம் வண்டி ஐந்து பேர்மீது ஏறாமலிருக்க, ஒருவர் நிற்கும் பாதையில் அதைத் திருப்பலாமா என்ற புகழ்பெற்ற கேள்வியை 1967-இல் எழுப்பியவரும் அவர்தான். இன்று ஓட்டுநரின்றி ஓடும் கார்களைப் பற்றிப் பேசுகிற பொறியியலாளரும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை.

ஆன்ஸ்கோம் ஏழு குழந்தைகளின் தாய். விட்கென்ஸ்டைனின் மாணவியாய், அவருடைய மகத்தான நூலை ஆங்கிலத்தில் தந்தவர். 1956-இல் ஆக்ஸ்ஃபோர்டு, அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் வழங்க முனைந்தபோது, ஹிரோஷிமாவிலும் நாகஸாகியிலும் குற்றமற்ற மக்களைக் கொல்ல உத்தரவிட்டவரைக் கௌரவிக்கலாகாது என்று சபை நடுவே எழுந்து எதிர்த்தார். அவரோடு சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ட்ரூமன் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டாரேயன்றி வேறென்ன செய்தார் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மனிதன் தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்தான் என்று எப்போது சொல்கிறோம் என்பதை ஆராயும் ஆன்ஸ்கோமின் சிறு நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அந்தத் துறையில் இன்றளவும் அதைத் தொடாமல் யாரும் எழுதுவதில்லை. 1970-இல் கேம்பிரிட்ஜில், முன்பு தம் ஆசிரியர் வகித்த பேராசிரிய பதவியில் அவர் அமர்ந்தார்.

மற்ற மூவரும் அத்தகைய பதவியைத் தம் நாட்டில் பெறவில்லை. மர்டாக் 1963-இல் கல்லூரி வேலையை விட்டு நாவலாசிரியராகவே புகழ் பெற்றார். ஃபுட் அமெரிக்காவில்தான் பேராசிரியரானார். மிட்ஜ்லி மூன்று பிள்ளைகளை வளர்த்த பிறகு நியூகாஸிலில் ஆசிரியையாகி, தம் முதல் நூலை 1978-இல், வயது அறுபதை நெருங்கும்போது வெளியிட்டார்.

அந்த மிட்ஜ்லி 1950-களில் பி.பி.ஸி. வானொலிக்கு ஒரு பேச்சு எழுதி அனுப்பினார். பிளேட்டோ, டெகார்ட், ஸ்பினோஸா, லைப்னிட்ஸ், ஹ்யூம், கான்ட் என்று ஐரோப்பியத் தத்துவத்தின் பெருந்தலைவர்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்களாயிருந்ததை அதில் அவர் சுட்டிக்காட்டினார். பிற மனிதர்களுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதா என்று தனியறையில் அமர்ந்து சந்தேகிப்பது, கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒருவருக்கு இயலுமா என்று கேட்டார். குடும்ப விவகாரங்களை அறிவுத்துறைக்குள் இழுத்துவருகிறது என்ற காரணத்தால் அந்தப் பேச்சு நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த அதிகாரியும் ஒரு பெண்மணியே என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒரு துறையின் வழக்கம் வேரூன்றிவிட்டால், அதனால் நஷ்டமடைகிறவர்களும் அதையே அளவுகோலாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

அண்மைக்கால ஆராய்ச்சி இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து ஒளி தருகிறது. ஸாரா ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் முதலியோர் அமெரிக்காவில் 30 துறைகளைச் சேர்ந்த 1,820 கல்வியாளர்களை வினவி, 2015-இல் ஸயன்ஸ் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். உங்கள் துறையில் சிறப்படைய உழைப்புப் போதுமா, அல்லது பிறவியிலேயே அமைந்த மேதை வேண்டுமா என்பது கேள்வியின் சாரம். பிறவி மேதை வேண்டும் என்று எந்தத் துறையினர் அதிகமாக நம்பினார்களோ, அந்தத் துறையில் பெண்கள் குறைவாயிருந்தார்கள். கலைத்துறைகளுக்குள் அந்த நம்பிக்கை தத்துவத்தில் மிகவும் உறுதியாயிருந்தது. கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் பெறுவோரில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டவர்கள் பெண்களாயிருக்க, தத்துவத்தில் 35 பேர் கூட இல்லை. மேதை என்றவுடன் மனத்தில் எழும் உருவம் தாடி வைத்த ஆடவரின் உருவமாகவே இருக்குமானால், தயங்கிப் பேசும் இளைஞனைக் கண்டு ஆழ்ந்து சிந்திக்கிறான் என்றும், தயங்கிப் பேசும் யுவதியைக் கண்டு விஷயம் தெரியவில்லை என்றும் ஆசிரியர் எண்ணிவிடுவது சுலபம். அவ்வெண்ணத்தின் விளைவு சிபாரிசுக் கடிதத்தில் ஒரு சொல்லாகவும், நேர்முகத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணாகவும் வந்து சேரும்.

பிறர் மேற்கோளாக எடுத்தாள்வதிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் வெளிவரும் நான்கு முன்னணித் தத்துவப் பத்திரிகைகளில் 1993 முதல் இருபது ஆண்டுகளுக்குள் வந்த கட்டுரைகள், மிகுதியாக மேற்கோள் காட்டிய 500 நூல்களையும் கட்டுரைகளையும் ஸமூகவியல் அறிஞர் கீரன் ஹீலி கணக்கெடுத்தார். அவற்றில் பெண்கள் எழுதியவை நூற்றுக்கு நான்கை எட்டவில்லை. மேற்கோளால் மதிப்பும், மதிப்பால் பதவியும் வருகிற உலகத்தில் இதன் விளைவை விவரிக்கத் தேவையில்லை.

பரிகாரம் பெரிய சட்டங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதவில்லை. 2011-ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிட்ட அவ்விரு சங்கங்களே பின்பு வகுத்த நற்பழக்க விதிகளைப் பார்த்தால், அவை எவ்வளவு எளியவை என்பது விளங்கும். பிரசங்கம் முடிந்ததும் உடனே கேள்விக்குப் போகாமல் சில நிமிஷங்கள் இடைவேளை விடவேண்டும். அதற்குள் கூச்சமுள்ள மாணவியோ மாணவனோ தன் கேள்வியை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். முதலில் கை தூக்கியவருக்கே முதல் வாய்ப்பு என்ற நியதியைத் தலைவர் விட்டுவிடலாம். இவற்றோடு, எழுதியவர் பெயரை மறைத்துக் கட்டுரைகளை மதிப்பிடுவதும், வகுப்பின் பாடப்பட்டியலில் ஆன்ஸ்கோமையும் ஃபுட்டையும் அவர்களுக்குரிய இடத்தில் சேர்ப்பதும் வேண்டும். இவற்றுக்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. இலாகாத் தலைவர்கள் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

பெண்கள் இன்னும் துணிவாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உபதேசிப்போர் எங்கும் இருக்கிறார்கள். அந்த உபதேசம் சரியான இடத்தைச் சேரவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். தத்துவப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருக்கும் இடத்தில், சபையின் வழக்கத்தை மாற்றும் அதிகாரமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது; மாற்றவேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே.