இரு நகரங்கள், இரு தொலைவுகள்

கொல்கத்தாவுக்கும் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறக்குறைய 315 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி. உள்நாட்டுத் தரைவழியோ சுமார் 1,600 கிலோமீட்டர்!

1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் இடைப்பட்ட நிலம் அயல்நாடாயிற்று; அதுவே இன்றைய வங்கதேசம். விமானம் அதன் மேலாகப் பறக்கிறது. உள்நாட்டுத் தரைவழியில் செல்லும் சரக்குகளோ சிலிகுரி, குவாஹாத்தி வழியாகச் சுற்றிச் செல்கின்றன. அகர்தலாவை இரயில் எட்டியது 2008இல்தான். 2016இல் அப்பாதை அகலப்பாதையாயிற்று. எனினும் சுற்று குறையவில்லை.

வெளியிலிருந்து வரும் பண்டங்களின் விலையில் இச்சுற்றுவழிச் செலவும் அடங்கியுள்ளது. கொல்கத்தாவில் சிகிச்சை நாடும் நோயாளிக்கு, விமானக் கட்டணம் செலுத்த இயலுமாயின் பயணம் ஒரு மணி நேரம். இயலாவிடில் ஒரு நாளுக்கும் மேல். ஆகவே திட்டமிடுவோர் தொலைவைக் கிலோமீட்டரில் மட்டுமன்றி, மக்கள் செலவிடும் பணத்திலும் காலத்திலும் அளந்தறிதல் வேண்டும்.