ஒரே பிள்ளை, இரண்டு விவரிப்புகள்
(தொடர் – பகுதி 6)

கொலோன் நகரில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வளர்க்கும் தாய் தந்தையர், அந்தப் பிள்ளையைப் பற்றி அலுவலகங்களுக்கு ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். உதவித்தொகையும் சிகிச்சையும் பள்ளித் துணையாளரும் அந்த எழுத்தைப் பொறுத்தே கிடைப்பதால், பிள்ளைக்கு ஊட்டுவதும் உடுத்துவதும் போலவே விண்ணப்பம் எழுதுவதும் வளர்ப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இந்த எழுத்து மஞ்சள் அட்டை கொண்ட ஒரு கையேட்டில் தொடங்குகிறது. ஜெர்மனியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் இக்கையேட்டில், ‘ஊ1’ முதல் ‘ஊ9’ வரை எண்ணிடப்பட்ட, ஐந்து வயதைத் தாண்டும்வரை நீளும் மருத்துவப் பரிசோதனைகளின் முடிவுகள் பதியப்படுகின்றன. பேச்சிலோ நடையிலோ பின்னடைவு தெரிந்தால், மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் பணியாற்றும் சமூகக் குழந்தைநல மையத்துக்குக் குழந்தை அனுப்பப்படும். தியோடோர் ஹெல்ப்ரூகே 1968இல் மியூனிக் நகரில் முன்னோடியாகத் தொடங்கிய இவ்வகை மையம், கொலோனில் ஆம்ஸ்டர்டாமர் வீதியிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் இயங்குகிறது. பள்ளி செல்லும் வயதுவரை கிடைக்கும் தொடக்ககாலப் பயிற்சிக்குப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இதுவரை பாதை ஓரளவு நேரானதுதான்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீடு, பிறரின் உதவியின்றி அன்றாடத்தை நடத்த இயலாதவர்களுக்கானது; அது 2017 முதல் ‘ஃப்ளேகெகிராட்’ எனப்படும் ஐந்து பராமரிப்பு நிலைகளின் அடிப்படையில் செயல்படுகிறது. நிலையை முடிவு செய்வதற்காக ‘மெடிட்சீனிஷர் டீன்ஸ்ட்’ என்னும் மருத்துவ மதிப்பீட்டுச் சேவையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நடமாட்டம், புரிதலும் தொடர்பாடலும், நடத்தை, தன் உடலைத் தானே பேணுதல், சிகிச்சையைச் சமாளித்தல், அன்றாட ஒழுங்கும் உறவுகளும் என ஆறு துறைகளில் அவர் புள்ளியிடுகிறார். அதே வயதுடைய பிற பிள்ளைகள் தாமாகச் செய்வதை அளவுகோலாக வைத்து, இந்தப் பிள்ளைக்கு அதற்கு மேல் எவ்வளவு உதவி தேவை என்பது கணக்கிடப்படுகிறது. நூறில் 27 புள்ளி இரண்டாம் நிலை, 47.5 புள்ளி மூன்றாம் நிலை. 2025இல் இரண்டாம் நிலைக்கு மாதம் 347 யூரோவும், மூன்றாம் நிலைக்கு 599 யூரோவும், ஐந்தாம் நிலைக்கு 990 யூரோவும் வீட்டில் பராமரிக்கும் குடும்பத்துக்கு வழங்கப்பட்டன. வாரத்துக்குப் பத்து மணிநேரமேனும் பராமரித்து, முப்பது மணிநேரத்துக்கு மேல் வேலைக்குப் போகாத தாய்க்கு, இரண்டாம் நிலை முதற்கொண்டு ஓய்வூதியப் பங்களிப்பையும் காப்பீடே செலுத்துகிறது. தாயின் உழைப்பை உழைப்பு என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பதன் அடையாளமாக இதனைப் போற்றத்தான் வேண்டும்.

ஆயினும் அந்த மதிப்பீட்டாளரின் வருகை, தமிழ்க் குடும்பங்களுக்கு ஏனைய குடும்பங்களைவிடக் கடினமானது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் கூடத்தைத் துப்புரவாக்கி, பிள்ளைக்கு நல்ல உடுப்புப் போட்டு, பலகாரமும் தேநீரும் வைத்து, பிள்ளை கற்றுக்கொண்ட இரண்டு சொற்களைச் சொல்லிக் காட்டச் செய்வதே பழகிய முறை. ‘தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர்’ என்று உறவினர் சொல்லும் ஆறுதலை நம்பியும் நம்பாமலும் ஆண்டுகளைக் கடத்திய தாய், பிள்ளையின் குறையை ஊராரிடமிருந்து மறைப்பதைத் தன் கடமையாகவே கொண்டிருப்பார். ஓர் அந்நியர் முன்னால், பிள்ளை இரவில் எத்தனை முறை விழித்து அழுகிறது, யார் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள், ஒரு கவளத்தை விழுங்க எவ்வளவு நேரமாகிறது என்பதையெல்லாம் எண்ணிச் சொல்லும்படி கேட்கும்போது, அவர் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் ‘சமாளித்துக்கொள்கிறோம்’ என்கிறார். ஜெர்மன் தெரிந்த மூத்த பிள்ளை மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தால், தம்பியின் நிலையைச் சொல்லக் கூசி அந்தப் பிள்ளையும் பாதியை விழுங்கிவிடுகிறது. புள்ளி குறைகிறது. இதைத் தாயின் அறியாமை என்று எழுதுவது அநியாயம். அன்பின் ஒரு வடிவம் கணக்கின் வடிவத்துக்குள் அடங்கவில்லை என்பதே உண்மை. சில வாரங்களுக்கேனும் உதவிகளை நேரத்துடன் குறித்துவைத்த பராமரிப்பு நாட்குறிப்பும், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இங்கே பெரிதும் உதவுவார்கள். முடிவு பொருந்தாதபோது ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையும் உண்டு.

பள்ளியின் வாசலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கொலோன் அமைந்துள்ள நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலம் சிறப்புக் கல்வித் தேவைகளை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வகையில் அடங்கும் என்பதை ஆசிரியர்களின் அறிக்கையைக் கொண்டு பள்ளி மேற்பார்வை அலுவலகம் தீர்மானிக்கிறது. காப்பீட்டு மதிப்பீட்டாளரிடம் குறையை விரித்துரைக்க வேண்டியிருந்த அதே தாய், இங்கே பிள்ளையால் எதைக் கற்க முடியும் என்பதை விரித்துரைக்க வேண்டும். தவறினால் விளைவு கடுமையானது. ஜெர்மன் மொழி பேசாத குடியேறிய குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், ஜெர்மன் மொழியில் நடத்தப்பட்ட சோதனையின் அடிப்படையில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையவர் எனச் சிறுவயதில் வகைப்படுத்தப்பட்டு, கொலோனிலும் அதற்கான சிறப்புப் பள்ளியிலேயே பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தார். பின்னர் தொழிற்கல்விப் பள்ளிக்கு மாறி இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். ஆண்டுதோறும் நடந்திருக்க வேண்டிய மறுஆய்வில் கடமை தவறியதற்காக மாநில அரசு அவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என 2018 ஜூலையில் கொலோன் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து, நான்கு வயதில் ஜெர்மன் மழலையர் பள்ளிக்குள் நுழையும் பிள்ளையின் பெற்றோர் இத்தீர்ப்பை அறிந்திருப்பது அவசியம். பிள்ளையின் சிக்கலுக்கு அஞ்சி வீட்டுமொழியைக் கைவிடத் தேவையில்லை. இரு மொழிகளோடு வளர்வது டவுன் நோய்க்குறியோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளின் பேச்சைக் கெடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்த இழப்பீட்டு வழக்கில் அவருக்குத் துணைநின்ற ‘மிட்டன்ட்ரின்’ என்னும் அமைப்பைக் கொலோன் பெற்றோர்களே 2006இல் தொடங்கினார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. ஆனால் தனிப்பள்ளிகளாக இயங்கும் சிறப்புப் பள்ளிகளும் ஒரு காலத்தில் பெற்றோர்கள் போராடிப் பெற்றவைதாம் என்பதை மறந்துவிடலாகாது. நாஜி ஆட்சியில் ஆயிரக்கணக்கான மாற்றுத்திறன் குழந்தைகள் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்ட நாட்டில், 1958இல் மார்பர்க் நகரில் டொம் முட்டர்ஸ் என்பவரும் பெற்றோர்களும் சேர்ந்து ‘லேபன்ஸ்ஹில்ஃபே’ சங்கத்தை நிறுவியபோது, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை எதையேனும் கற்கும் என்று சொல்வதே துணிவாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2009இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. 2014 முதல் இம்மாநிலச் சட்டம் பொதுப்பள்ளியை இயல்பான இடமாக்கியது. ஆயினும் தனிப்பள்ளிகள் நிறைந்தே இருக்கின்றன என்பதை ஐ.நா. குழு 2023இல் கண்டித்தது.

பொதுப்பள்ளியைத் தேர்ந்தவர்களின் காலைநேரம் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பைப் பொறுத்தது. வகுப்பில் பிள்ளையின் அருகிலிருந்து உதவும் பள்ளித் துணையாளருக்கான செலவை, குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து நகரின் சமூக அலுவலகமோ இளையோர் அலுவலகமோ ஏற்கிறது. அந்தத் துணையாளர் நோயுற்ற நாளில் மாற்றாள் கிடைக்காவிட்டால் பிள்ளை வீட்டில் இருக்க, தாயும் வேலைக்குப் போக முடிவதில்லை. தனிப்பள்ளியிலோ சிறுபேருந்து வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்கிறது. கொள்கையளவில் பொதுப்பள்ளியை விரும்பும் பெற்றோரும் இறுதியில் தனிப்பள்ளியில் கையெழுத்திடுவதற்கு இந்தச் சிறுபேருந்தும் ஒரு காரணம். அவர்களைக் குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது பெற்றோரின் சட்டப்பூர்வ அதிகாரம் முடிவடைகிறது. அதன்பின் பிள்ளைக்காக வங்கியிலோ மருத்துவமனையிலோ கையெழுத்திட, தாயானாலும் நீதிமன்றத்தால் சட்டத் துணைவராக நியமிக்கப்பட வேண்டும். பாதுகாக்கப்படுபவரின் விருப்பத்துக்கு முதலிடம் தரும் வகையில் 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட, இந்த நியமனத்துக்கான சட்டத்தை அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)