காக்கும் கோட்டிலேயே நஞ்சு... புதுசு வாங்கப் பணம் யார் தருவது?

வீடு தீப்பிடித்தால் நாம் வெளியே ஓடுவோம். தீயணைப்பு வீரர் உள்ளே ஓடுவார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால், அவர் உடம்பில் இருக்கும் கனமான கோட்டின் மீதான நம்பிக்கையும் இருக்கிறது. அந்தக் கோட்டையே சந்தேகப்பட வேண்டி வந்தால்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் நகரில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. 2014-ல் அங்கே ஒரு தீயணைப்பு வீரருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவர் மனைவி கணவரின் பழைய சீருடையை எடுத்துப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே துணி இற்றுப்போயிருந்தது. 'இதில் என்ன கலந்திருக்கிறது?' என்று விடாமல் கேட்டார். கடைசியில், நாட்டர் டேம் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் கிரஹாம் பீஸ்லி அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். 2020-ல் அவரது ஆய்வு வெளியானது: இந்தச் சீருடைகளில் 'பி.எஃப்.ஏ.எஸ்' ரசாயனங்கள் ஏராளம்!

அந்த வீரரின் நோய்க்குக் கோட்டுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தீயில் எழும் புகையே கொடிய நஞ்சுதான். ஆனால், தீயணைப்புப் பணியே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ல் அறிவித்தது. புகையைத் தவிர்க்க முடியாது, கோட்டை மாற்றலாமே!

ஏன் கலந்தார்கள்?

சமையலறையில் இருக்கும் நான்-ஸ்டிக் தவாவின் பூச்சும் இதே குடும்பம்தான். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது. தீயணைப்புக் கோட்டில் வெளித்துணி, ஈரம் தடுக்கும் அடுக்கு, வெப்பம் தடுக்கும் அடுக்கு என மூன்று உண்டு. உள்ளே தண்ணீர் இறங்கினால், அனலில் அது நீராவியாகித் தோலை வேகவைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ரசாயனம். மாற்றுத் துணிகளும் வந்துவிட்டன. ஆனால், சில மாற்றுப் பூச்சுகள் தண்ணீரைத் தடுத்தாலும் எண்ணெயைத் தடுப்பதில்லை என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு எச்சரித்தது. எண்ணெய் ஊறிய துணி தீப்பிடிக்கலாம். அதனால் ஆராய்ச்சிக்கும் பணம் தேவை.

செலவு யார் தலையில்?

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2024-ல் சட்டம் போட்டு, பழைய கோட்டுகளை மாற்ற 2026 ஜூன் இறுதிவரை கெடு வைத்தது. மாசசூசெட்ஸில் 2027 ஜனவரி 1 முதல் இவற்றை விற்கத் தடை.

பெரிய நகரங்கள் சமாளித்துக்கொள்ளும். சின்ன ஊர்கள்? ஒரு செட் சீருடை பல ஆயிரம் டாலர். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பான்கேக் விருந்து வைத்து வசூல் செய்து கருவி வாங்கும் நிலையங்களும் உண்டு. மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அது போட்டி. எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு கோட்டுக்கு ஆயுள் பத்து வருடம். பணமில்லாத ஊரில், போன வருடம் வாங்கிய கோட்டைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? தடை போட ஒரு கையெழுத்து போதும். கோட்டை மாற்ற அரசுப் பணம் வேண்டும். இல்லையென்றால், ஏழை ஊரின் வீரர் பழைய நஞ்சையே சுமப்பார்.

அதுவரை அங்குள்ள தீயணைப்பு வீரர்கள் சங்கம் சொல்லும் அறிவுரை இது: தேவைப்படும்போது மட்டும் கோட்டைப் போடுங்கள். கழற்றியதும் கை கழுவுங்கள். காரில் கொண்டுபோனால் மூடிய பையில் வையுங்கள். வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அப்பாவின் கோட்டைப் போட்டுப் பார்க்க எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை இருக்காது?